சேவல் கொண்டையின் சிவப்பு

ஹான்காக், மிச்சிகன்
அக்டோபர் 12, 1998

அன்புத் தங்கை ஐலிக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை. முதலில் இந்தக் கடிதத்தில் வரப்போவதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பாடம் தொடங்கும் முன் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் பழகிய கை இது. அப்படிச் செய்யாவிட்டால் பாதியில் வழி தவறிவிடுகிறேன்.

1. நம் இருவரின் நலம்.
2. சிவப்பு மை ஏன் மற்ற மைகளைப் போல் அல்ல.
3. பாதம் ஏன் பச்சை குத்துவதற்கு மோசமான இடம்.
4. இவ்வளவுக்குப் பிறகும் குத்திக்கொள்வதானால், புண்ணைப் பார்த்துக்கொள்ளும் முறை.
5. சிவப்பு மையால் அரிப்பைத் தவிர உனக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்பது.

முதலாவது. நான் நலம். காது மட்டும் இன்னும் மந்தமாகிவிட்டது. தொலைபேசியில் நீ பேசினால் பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் தேய்ப்பதுபோல் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அறுவை செய்து மாற்றி வைத்த உன் வலது முட்டி எப்படி இருக்கிறது? படியேறும்போது உறுத்துகிறதா?

இரண்டாவது. ரெய்னோ போய் ஆறு மாதம் ஆகிறது. பழைய கப்பல்காரர்கள் பலரைப் போல அவனும் இடது பாதத்தில் பன்றியும் வலது பாதத்தில் சேவலும் குத்தியிருந்தான், அவை இருந்தால் கப்பல் கவிழ்ந்தாலும் தண்ணீர் இழுக்காது, ஆள் மிதப்பான் என்று. அந்தச் சேவலை, அதே சிவப்புக் கொண்டையோடு, எழுபத்திரண்டு வயதில் உன் பாதத்தில் குத்திக்கொள்ளப் போகிறேன் என்கிறாய். கணவனை இழந்த தங்கையிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று எனக்கே சந்தேகம். ஆனால் ஆயுள் முழுக்க வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரியாகப் படவில்லை.

அந்தக் காலத்துச் சிவப்பு பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இப்போது வருவது வேறு. என்ன என்று குத்துகிறவருக்கே பெரும்பாலும் தெரியாது. எதுவானாலும், கறுப்பைச் சும்மா விட்டுவிடும் உடம்பு சில பேருக்குச் சிவப்பைச் சும்மா விடுவதில்லை. சிவப்பு இருக்கும் இடம் மட்டும் தடித்து எழும்பி அரிக்கும், ரெய்னோவின் கொண்டை வீங்கி அரித்ததுபோல. சில வாரத்தில் வரலாம். மாதங்கள் கழித்தும் வரலாம். லேசரால் அழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதே. ஒவ்வாத சிவப்பை உள்ளேயே உடைத்தால் தொல்லை கூடலாம் என்று படித்தேன்.

மூன்றாவது. பாதத்தில் தோலுக்கு அடியில் உடனே எலும்பு. செருப்பு உரசும், வியர்க்கும், மெதுவாகத்தான் ஆறும். அதைவிட முக்கியம், உன் முட்டிக்குள் இரும்பு இருக்கிறது. பாதத்துப் புண்ணில் கிருமி புகுந்தால் அது மேலேறி முட்டியைப் பிடித்துக்கொள்ளக்கூடும். எனக்கு உண்மையான பயம் இதுதான்.

நான்காவது. கையைக் கழுவிவிட்டுத்தான் புண்ணைத் தொட வேண்டும். வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். தேய்க்காமல் ஒற்றி எடு. களிம்பு மெலிதாக. பொருக்கைப் பிய்க்காதே. ஆறும்வரை கடலில் கால் நனைக்காதே, வெயிலில் காட்டாதே, சவுனாவின் நீராவிச் சூட்டுக்குள் போகாதே. பிற்பாடு எப்போது அரிக்கத் தொடங்கினாலும் சொறியாமல் உடனே டாக்டரிடம் போ. தொடக்கத்திலேயே மருந்து தடவினால் பெரும்பாலும் அடங்கும்.

ஐந்தாவதை மேலேயே எழுதிவிட்டேன். விளக்க ஒன்றுமில்லை.

உன் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் எழுது.

அண்ணன்,
வெய்க்கோ


லேக் வொர்த், ஃபுளோரிடா
அக்டோபர் 27, 1998

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறேன். முட்டி படியேறும்போது முனகுகிறது, இறங்கும்போது சும்மா இருக்கிறது, உன்னைப் போல இல்லாமல்.

உன் ஐந்து குறிப்புகளையும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு சென்யா படித்துவிட்டு, "உங்கண்ணனுக்குப் பொண்டாட்டி இல்லன்னு எழுத்தப் பாத்தாலே தெரியுது" என்றாள்.

ரெய்னோவின் கொண்டை வீங்கியது மையால் அல்ல அண்ணா, சவுனாவால். மறந்துவிட்டாயா? நாற்பத்தேழில் அவன் டுலூத் துறைமுகத்தில் பச்சை குத்திக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் வந்த சனிக்கிழமை. சவுனாவுக்கு வரவில்லை என்றால் அப்பா ஏன் என்று கேட்பார், பச்சை குத்தியது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து, துணியெல்லாம் அவிழ்த்துவிட்டு, பன்றிக் காலை வாளிக்குப் பின்னால் ஒளித்து, சேவல் காலில் ஒற்றைக் காலுறையோடு உள்ளே போய் உட்கார்ந்தானே. உங்கள் மூன்று பேருக்கும் துண்டு வைக்க வந்த நான் வெளிப் படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

"ஏண்டா, ஒரு காலுக்கு மட்டும் குளிருதா?"

"ஆணி குத்திடுச்சு மாமா."

"குத்தின கால்ல சூடு படணும். கழட்டு."

"பரவால்ல மாமா."

"கழட்டுறாங்கறேன்!"

அப்புறம் காய்ந்த கல்லில் தண்ணீர் சீறும் சத்தம். பிறகு அப்பா.

"கோழியா இது?"

"சேவல் மாமா."

"சேவலா? வெந்துபோச்சேடா!"

நீ சிரித்த சிரிப்பில் வாளி உருண்டது. அப்பாவும் சிரித்துவிட்டார். அதனால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. பச்சைப் புண்ணை அந்தச் சூட்டில் வைத்தால் வீங்காமல் என்ன செய்யும்? நான் சவுனாவுக்குப் போகாமல் இருந்துவிடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது.

குளிர் வந்துவிட்டதா அங்கே? காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள்.

ஐலி


ஹான்காக்
நவம்பர் 9, 1998

அன்புத் தங்கைக்கு,

நலம். முதல் பனி விழுந்து உருகி மறுபடியும் விழுந்துவிட்டது. பஞ்சு வைத்திருக்கிறேன்.

சவுனாதான் காரணம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அன்று பன்றியும் அதே சூட்டில்தான் இருந்தது. அடுத்த நாள் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் கறுப்புக் கோடு. சேவலின் உடம்பும் கறுப்புதான், அதுவும் ஆறிவிட்டது. கொண்டை மட்டும்தான் ஐம்பது வருடம் அடங்கவில்லை. இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைத்தான் எழுதினேன். தவறாகவும் இருக்கலாம்.

டுலூத் கடையை நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு மேலே மாடியில் ஓர் அறை. ரெய்னோ நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். குத்துகிறவர் என்னைப் பார்த்து, "தம்பி, உனக்கு எங்க?" என்றார். நானும் குத்திக்கொள்வதாகத்தான் ரயிலில் பேசிக்கொண்டு வந்தோம். ஊசியைப் பார்த்ததும், "நான் அவன் பூட்ஸைப் பிடிச்சுக்க வந்தேன்" என்றேன். சாகும்வரை அவன் என்னை அறிமுகப்படுத்தியது அப்படித்தான்: "இவர் என் மச்சான். பூட்ஸ் பிடிக்கிறவர்." திரும்பும்போது அவன் கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. சேற்றுப் பனியில் நொண்டிக்கொண்டு வந்தான். பின்னால் நான் பூட்ஸோடு.

உன்னைத் தடுக்க முடியாது என்று தெரிகிறது. ஒன்று மட்டும் கேள். முதலில் கணுக்காலுக்குப் பின்னால் அதே சிவப்பில் ஒரு பொட்டு மட்டும் வைக்கச் சொல். ஒரு மாதம் பொறு. பொட்டு சும்மா இருந்தால் கொண்டையும் சும்மா இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பொட்டு எழும்பினால் கொண்டை நிச்சயம் எழும்பும். கடையில் ஊசி உறையை உன் முன்னால் பிரிக்கச் சொல். கையுறை புதிதா என்று பார். மையைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக ஊற்றவேண்டும், புட்டியில் தொட்டுக் குத்தக் கூடாது.

சென்யாவிடம் என் வணக்கத்தைச் சொல். அவள் சொன்னது உண்மைதான்.

வெய்க்கோ


லேக் வொர்த்
டிசம்பர் 19, 1998

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஏலக்காய் ரொட்டி ஒன்று பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். வருவதற்குள் கல்லாகியிருக்கும், காப்பியில் தோய்த்துச் சாப்பிடு.

குத்திவிட்டேன்.

பொட்டு ஒரு மாதம் சும்மா இருந்தது. அதனால் திங்கட்கிழமை மறுபடி போனேன். குத்துகிறவன் பெயர் கர்ட்டிஸ். மலை மாதிரி ஆள், குரல் மட்டும் கோயில் பாடகர் மாதிரி.

"மறுபடியும் வந்துட்டீங்களா பாட்டிம்மா? இன்னொரு பொட்டா?"

"சேவல்."

"பாதத்துலயா? வலிக்குமே."

"முட்டியவே அறுத்து மாத்தியாச்சு தம்பி. நீ குத்து."

உறையைப் பிரிக்கச் சொன்னேன். கையுறையைக் காட்டச் சொன்னேன். கிண்ணம் எங்கே என்றேன். "நீங்க என்ன சுகாதார இன்ஸ்பெக்டரா?" என்றான். "நான் இல்ல, எங்கண்ணன்" என்றேன்.

கடற்கரையில் எடுத்த ரெய்னோவின் கால் படத்தைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். "கொண்டை கோணலா, உப்பினாப்ல இருக்கே. நேர் பண்ணிடறேன்" என்றான்.

"பண்ணாத. அப்படியே போடு."

"உப்பினாப்லயேவா?"

"உப்பினாப்லயே."

வலித்தது அண்ணா. அழுதேன். வலியால் மட்டும் இல்லை. கர்ட்டிஸ் துணியை எடுத்துக் கொடுத்தான்.

நீ சொன்ன சோப்பு, நீ சொன்ன களிம்பு. சனிக்கிழமை இங்குள்ள நம்மவர்கள் எல்லோரும் சவுனாவுக்குப் போகிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன்.

உன் காது எப்படி?

ஐலி


ஹான்காக்
ஜனவரி 6, 1999

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக அமையட்டும். ரொட்டி வந்தது. கல்லாகவில்லை, மரம்போல்தான் இருந்தது. ருசி அம்மா செய்ததுபோலவே.

பொருக்கு உதிர்ந்துவிட்டதா? சுற்றிலும் சிவந்திருந்தாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் தெரிந்தாலோ காத்திருக்காதே. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பெரிய செருப்பாகப் போட்டுக்கொள். இதையெல்லாம் ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று தெரியும்.

உன் சேவலைப் படம் எடுத்து அனுப்புவாயா? கட்டாயமில்லை.

வெய்க்கோ


லேக் வொர்த்
பிப்ரவரி 14, 1999

அண்ணா,

சுகம். பொருக்கெல்லாம் தானாக உதிர்ந்துவிட்டது, பிய்க்கவில்லை. படம் வைத்திருக்கிறேன். பார், அவனுடையதேதான். போன சனிக்கிழமை சவுனாவுக்குத் திரும்பிவிட்டேன். பெண்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சென்யா, "கூவுமா?" என்றாள். "அதுக்கு இன்னும் வயசாகல" என்றேன்.

உன் ஐந்து குறிப்புகளையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். கோபம் வேண்டாம். கூரையில் பனி சேராமல் பார்த்துக்கொள். நீ ஏணியில் ஏறாதே, ஆளை வைத்துத் தள்ளு.

ஐலி


ஹான்காக்
மார்ச் 3, 1999

அன்புத் தங்கைக்கு,

படத்தைக் காற்றழுத்தமானிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பார்த்ததும் முதலில் பயந்தேன், பிறகு பழகிவிட்டது. கூரையை ஆள் வைத்துத் தள்ளியாயிற்று.

அது கூவுமா என்று சென்யா கேட்டதைப் படித்துச் சிரித்தேன். இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு போகும் கப்பல்களில் வேலை பார்த்த காலமெல்லாம் ரெய்னோவுக்கு அந்தக் கொண்டைதானே பஞ்சாங்கம். இலையுதிர்காலத்தில் நம் சவுனாவின் கீழ்ப் பெஞ்சில் உட்கார்ந்து, காலை மரத்தின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டே, "சேவல் கூவுது. நாளைக்கு ஏரியில காத்து" என்பான். நான் ஒரு பருவம் முழுக்க அதைக் காற்றழுத்தமானியோடு ஒப்பிட்டுப் பார்த்து, மானிதான் மேல் என்று அவனிடமே சொன்னேன். இரண்டு சனிக்கிழமை என்னோடு பேசவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்து, "மச்சான், அந்த மானி தண்ணியில விழுந்தா மிதக்குமா?" என்று மட்டும் கேட்டான்.

அரிப்பு ஏதும் இல்லை என்று உன் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

வெய்க்கோ


லேக் வொர்த்
மே 3, 1999

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ரெய்னோவின் ஆண்டு நினைவுக்குத் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினோம். காப்பி, ஏலக்காய் ரொட்டி, நிறையப் பேர் வந்தார்கள். பின்வீட்டு மாமரம் இந்த வருடம் அளவுக்கு மீறிக் காய்த்திருக்கிறது. சென்யாவின் மகன் புதுக் கார் வாங்கி மூன்றாம் நாளே தபால் பெட்டியில் இடித்துவிட்டான், அதனால்தான் உன் கடிதம் ஒன்று நனைந்து வந்தது.

வெயில் ஏறிவிட்டது. சவுனாவில் தரை ஓடு சில்லென்று இருக்கிறது என்று நான் ஒரு காலுறை போட்டுக்கொண்டு உட்காருகிறேன், சென்யா விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

ரெய்னோ தூங்கும்போதும் சொறிவானா, அல்லது விழித்திருக்கும்போது மட்டுமா? உனக்கு நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐலி


ஹான்காக்
மே 11, 1999

ஐலி,

நான் நலம். நேராகக் கேட்கிறேன், அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தரை சில்லென்று இருந்தால் மனிதர்கள் இரண்டு காலிலும் காலுறை போடுவார்கள்.

கொண்டை எழும்பிவிட்டதா? எப்போதிலிருந்து? தோல் கிழிந்திருக்கிறதா? டாக்டரிடம் போனாயா?

முட்டியை நினைத்துக்கொள். உடனே எழுது, அல்லது சென்யாவை எழுதச் சொல்.

வெய்க்கோ


ஹான்காக்
ஜூன் 4, 1999

ஐலி,

மறுமொழி இல்லை. இரண்டு நாளாகத் தொலைபேசியில் அழைக்கிறேன். யாரோ எடுத்துப் பேசுகிறார்கள், நீயா சென்யாவா என்று எனக்குப் புரியவில்லை. "ஆஸ்பத்திரி" என்ற சொல் கேட்டதுபோல் இருந்தது. என் காது இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் முன்பே எதையாவது செய்திருப்பேன்.

ஒரே ஒரு வரி போதும்.

வெய்க்கோ


லேக் வொர்த்
ஜூன் 22, 1999

அன்புள்ள அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். முட்டியும் தப்பித்தது. முதலில் இந்த இரண்டையும் படித்துவிட்டு மூச்சு விடு. தொலைபேசியில் கத்தியது சென்யா. அவளுக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிவிட்டது.

நீ கண்டுபிடித்தது சரி. ஏப்ரலிலேயே கொண்டை எழும்பிவிட்டது. கொண்டை மட்டும்தான், உடம்புக் கறுப்பு சும்மா இருந்தது. நீ வைக்கச் சொன்ன பொட்டும் பின்னாலேயே எழும்பியது. புண் ஆறும்வரை சவுனாவுக்குப் போகாமல் இருந்தும் வந்தது. ஆகவே மைதான். அதில் நீ ஜெயித்தாய்.

சொறிந்து சொறிந்து தோல் பிய்ந்துவிட்டது. உன் மே மாதக் கடிதம் வந்தபோது கணுக்காலுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், தேதியை மட்டும் எழுதினேன். அதற்குள் காய்ச்சல் வந்து சென்யா தூக்கிக்கொண்டு போனாள். நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கோடு முட்டிக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

தோல் டாக்டர் சின்னப் பெண். கொண்டையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்தன நாள் ஏன் வரல?" என்றாள்.

"அரிப்புதானேன்னு இருந்துட்டேன்."

"அரிப்பு அவ்ளோ பிடிச்சிருந்துச்சா?"

"ஆமா" என்றேன். அவள் நான் கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்தாள்.

உன்னிடம் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்லமாட்டேன். ரெய்னோ படுத்தால் இடது குதிகாலால் வலது பாதத்தைத் தேய்ப்பான். விரிப்பில் சர், சர் என்று. ஐம்பது வருடம். "மனுசி தூங்க வேணாமா?" என்று எத்தனை முறை உதைத்திருக்கிறேன். அவன் போன பிறகு வீட்டில் எல்லாச் சத்தமும் இருந்தது. குளிர்பெட்டி, மின்விசிறி, வெளியே பனைமட்டை. அது மட்டும் இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் மதியம் கண்ணயர்ந்தேன். அந்தச் சத்தம் கேட்டது. சர், சர். "ஏய், போதும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். என் கால்தான் அண்ணா. என் குதிகால்தான் தேய்த்துக்கொண்டிருந்தது.

மருந்து தடவினால் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நீ எழுதியிருந்தாயே. அதனால்தான் தடவவில்லை. அதனால்தான் உன்னிடம் சொல்லவும் இல்லை.

இப்போது டாக்டர் கொண்டைக்குள்ளேயே ஊசி போடவேண்டும் என்கிறாள். சில தடவை போட்டால் வீக்கம் இறங்கி அரிப்பு நின்றுவிடுமாம். அடங்காவிட்டால் சிவப்பை மட்டும் அறுத்து எடுத்துவிடுவார்களாம். போட்டுக்கொள்ளாமலே இருந்தால் மறுபடி கிழியும், மறுபடி கோடு ஏறும், அடுத்த முறை நிற்காமல் போகலாம் என்கிறாள். ஜூலை பதினைந்துக்கு நேரம் கொடுத்திருக்கிறாள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

நீ சொல் அண்ணா. போட்டுக்கொள்ளவா?

உன் காதுக்கு ஏதாவது கருவி வாங்கு. சென்யாவின் தொண்டைக்காகவாவது.

ஐலி


ஹான்காக்
ஜூன் 30, 1999

அன்புத் தங்கை ஐலிக்கு,

நீ பிழைத்தாய் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சற்று வெளியே நடந்துவிட்டு வந்தேன். மிச்சத்தைப் பிறகுதான் படித்தேன்.

உன் கேள்விக்குப் பதில்: ஊசி போட்டுக்கொள். ஊசியால் சிவப்பு போகாது. சேவல் அப்படியே இருக்கும், கொண்டையும் இருக்கும். அரிப்புதான் போகும். அது உனக்குச் சின்ன விஷயமில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும்தான் சொல்கிறேன், போட்டுக்கொள். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை.

மே மாதம் நீ ஒன்று கேட்டிருந்தாய், நான் பயத்தில் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். ஆம், ரெய்னோ தூங்கும்போதும் சொறிவான். ஏரி உறைந்து கப்பல்கள் நின்றிருந்த ஒரு குளிர்காலத்தில், வீட்டைச் சூடாக்கும் உங்கள் அடுப்பு உடைந்து நீங்கள் இங்கே வந்து தங்கினீர்களே, அப்போது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். மெல்லிய சத்தங்கள் எதுவும் இப்போது என் காதுக்கு எட்டுவதில்லை. பழையவை மட்டும் தெளிவாகக் கேட்கின்றன. நினைவிருக்கிறபடி எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்திக்கொள்: முதலில் நீளமாக இரண்டு தேய்ப்பு. பிறகு ஒரு நிறுத்தம், நீ விழித்துவிட்டாயா என்று பார்ப்பதுபோல. பிறகு குட்டையாக, வேகமாக, அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போடும் வேகத்தில். கடைசியில் மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகு உன் உதை. உதைக்குப் பிறகு அவன் சிரிப்பான். வாயை மூடிக்கொண்டு சிரிப்பான், அதனால் அது உனக்குக் கேட்டிருக்காது. சுவரில் தலை வைத்திருந்த எனக்குக் கேட்கும்.

இந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள். ஊசிக்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டால் படித்துப் பார்.

நேற்று சவுனாவில் கீழ்ப் பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. அவன் உட்காரும் மூலையில் மட்டும் ஓரம் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. அந்தத் துண்டை அறுத்து உனக்கு எடுத்து வரலாமா என்று யோசித்தேன். பெஞ்சு ஆடும் என்று விட்டுவிட்டேன்.

நான் அங்கே வருகிறேன். பேருந்தில். விமானம் எனக்கு ஒத்துவராது என்று உனக்குத் தெரியும். ஜூலை பதினைந்துக்கு முன்பே வந்துவிடுவேன். வழியில் எங்கெல்லாம் இறங்கி மாறவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். காதுக் கருவிக்கும் சொல்லியாயிற்று. டாக்டர் ஊசி போடும்போது உன் செருப்பை நான் பிடித்துக்கொள்கிறேன். அந்த வேலையில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

அதுவரை சொறியாதே. கையைக் கழுவாமல் தொடாதே. வெயிலில் போகாதே. சென்யாவிடம் என் நன்றியைச் சொல்.

கடைசியாக ஒன்று. போன அக்டோபரில் எழுதிய குறிப்புகளை நேற்று மறுபடி நினைத்துப் பார்த்தேன். முதல் நான்கில் மாற்ற ஒன்றுமில்லை.

அரிப்பைத் தவிர உனக்கு ஒன்றும் கிடைக்காது என்றேனே, அந்த ஐந்தாவது தவறு.

உன் அண்ணன்,
வெய்க்கோ